சும்மா கிடக்கும் நிலம்

அமைதியைத் தேடி மனிதர் செல்லும் இடங்கள் பல. கோயிற் பிராகாரத்தின் கருங்கற் குளிர்ச்சியில் அதனைக் காண்போர் உளர்; கடற்கரையில் அலையோசையின் நடுவே அதனைக் கேட்போர் உளர்; நூல்நிலையத்தின் ஒதுக்குப்புறத்தில், பழைய ஏடொன்றின் மணத்தில் அதனை நுகர்வோரும் உளர். ஆயின் கொழும்பு போன்ற பெருநகரில் வாழ்வோர்க்கு இவை யாவும் அரிதாகி வருகின்றன. கோயிலில் ஒலிபெருக்கி முழங்குகின்றது. கடற்கரை வீதியில் வாகனங்களின் வரிசை முடிவதில்லை. நூல்நிலையத்திலோ பரீட்சையை எதிர்நோக்கும் மாணவரின் நெருக்கம். வீடு திரும்பிக் கதவைச் சாத்தினாலும், கையிலுள்ள தொலைபேசி நம்மைத் தனித்திருக்க விடுவதில்லை.

இத்தகைய நகரின் ஓரத்திலே, பாராளுமன்றத்துக்கு அணித்தாக, பறவைகளுக்கென ஒதுக்கப்பட்ட சதுப்பு நிலமொன்று இருக்கின்றது. அதன் ஒரு பகுதியே பெத்தகான ஈரநிலப் பூங்கா. நெடுந்தூரப் பயணமும் மூட்டை முடிச்சும் இன்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையிற் சென்று மதிய உணவுக்கு வீடு மீளத்தக்க இடம் அது. அங்கே காணத்தக்கவை எவை, அவை நமக்கு உணர்த்துவன எவை என்பவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோட்டையின் புறத்தே

கொழும்பிலிருந்து தென்கிழக்காகச் சென்றால் பிட்டகோட்டே என்னும் இடத்தை அடையலாம். சிங்களத்தில் ‘பிட்ட’ என்பது புறத்தையும் ‘எத்துல்’ என்பது அகத்தையும் குறிக்கும். ஆகவே பிட்டகோட்டே என்பது புறக்கோட்டை. அதற்கு வடக்கேயுள்ள எத்துல்கோட்டே அகக்கோட்டை. இன்று கடைகளும் வீடுகளும் நெருங்கிய இப்பகுதியின் பெயரிலே ஓர் இராசதானியின் மதிலும் வாயிலும் இன்னும் ஒளிந்து கிடக்கின்றன. பெயரில் மட்டுமன்று, பழைய மதிலின் எச்சங்களையும் அகழியின் பகுதிகளையும் அவ்வட்டாரத்தில் இன்றும் நேரிற் காணலாம்.

பிரதான வீதியை விட்டு விலகிச் சிறு தெருவொன்றில் நடந்தால், சந்தடி சிறிது சிறிதாகக் குறைகின்றது. பூங்காவின் வாயிலிற் சிறுதொகை கட்டணமாகச் செலுத்தி உள்ளே சென்றதும் நிலத்தின் இயல்பே மாறிவிடுகின்றது. கால் பதியத் தரையில்லை. நீரின்மேல் அமைத்த பலகைப் பாதையிலேதான் நடக்க வேண்டும். இருமருங்கும் கோரையும் நாணலும் செறிந்திருக்கின்றன. ஆங்காங்கே நின்று நோக்கக் காட்சிக் கோபுரங்களும் மறைவிடங்களும் அமைத்துள்ளனர்.

பூங்காவின் பரப்பு 18 ஹெக்டயர். இது 2016ஆம் ஆண்டில் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆனால் இதனை உள்ளடக்கிய ஸ்ரீ ஜயவர்தனபுர பறவைகள் சரணாலயம் அதற்கு மிக முந்தியது. அது 1985ஆம் ஆண்டிலே பிரகடனஞ் செய்யப்பட்டது. தியவன்னா ஓயாவும் அதனைச் சூழ்ந்த சேற்று நிலமுமே இச்சரணாலயத்தின் உயிர்நாடி.

மௌனம் என்பது எது?

அமைதியை நாடி இங்கு வருவோர்க்கு முதலில் ஒரு வியப்புக் காத்திருக்கின்றது. இந்த இடத்தில் மௌனமே இல்லை! தவளைகள் கத்துகின்றன. கோரைப் புதருக்குள்ளிருந்து கானாங்கோழி ‘குவாக், குவாக்’ என்று ஓயாது அழைக்கின்றது. செண்பகத்தின் ஆழ்ந்த குரல் குடத்துள் நீர் நிரம்பும் ஓசைபோல எழுகின்றது. ஆட்காட்டியோ நம் வரவை ஊரெல்லாம் அறிவித்துவிட்டே அடங்குகின்றது. இவ்வளவுக்கும் மேலாகத் தொலைவில் வீதியின் இரைச்சலும் மெல்லக் கேட்டுக்கொண்டே இருக்கின்றது.

ஆயினும் அரைமணி நேரம் ஓரிடத்தில் அமர்ந்திருந்தால் மனம் தானே அடங்குவதை உணரலாம். காரணம் யாது? நகரத்தின் ஒலிகள் அனைத்தும் நம்மை நோக்கியே எழுகின்றன. ஊதுகுழல் ‘விலகு’ என்கின்றது. விளம்பரம் ‘வாங்கு’ என்கின்றது. தொலைபேசி ‘மறுமொழி சொல்’ என்கின்றது. சதுப்பு நிலத்தின் ஒலிகளோ, ஆட்காட்டியின் ஒரு கூச்சலைத் தவிர, நம்மிடம் எதையும் கேட்பதில்லை. அவை தத்தம் துணையையும் குஞ்சையும் எல்லையையும் பற்றியவை. நம்மை ஒரு பொருட்டாக எண்ணாத உலகொன்றின் நடுவே அமர்ந்திருப்பதில் ஓர் ஆறுதல் உண்டு. நாள் முழுதும் நாற்பது மாணவரின் கண்களுக்கு இலக்காகி நிற்கும் ஆசிரியனுக்கு இந்த ஆறுதலின் அருமை நன்கு விளங்கும்.

பறவைகள் நடத்தும் பாடம்

பறவைகளைக் காண்பதற்கு முதலில் வேண்டுவது தொலைநோக்கியன்று, பொறுமையே. குருட்டுக் கொக்கை எடுத்துக்கொள்வோம். நீரோரத்தில், காய்ந்த புல்லின் நிறத்தோடு நிறமாக அது குந்தியிருக்கும். மிக அணுகும்வரையும் பறக்காமல் இருப்பதால், அதற்குக் கண் தெரியாதென எண்ணி மக்கள் இட்ட பெயர் போலும் இது. உண்மையில் குருடு அதற்கன்று, நமக்கே. ஐந்து நிமிடமாக நாம் வெறும் சேறு என்று பார்த்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து திடீரென எழுகின்றது அது. எழும்போது விரியும் சிறகு தும்பை வெள்ளையாக ஒளிர்கின்றது! அமர்ந்ததும் மீண்டும் சேறாகிவிடுகின்றது.

கொக்கின் காத்திருப்பை நம் முன்னோர் கூர்ந்து நோக்கியவர்கள். திருவள்ளுவர் ‘காலமறிதல்’ என்னும் அதிகாரத்தில் அரசனுக்கே அதனை உவமையாகக் காட்டினார். ஔவையார் மூதுரையில் அடக்கமுடையாரை அறிவிலார் என்று கருதி இகழவேண்டாம் எனக் கூற வந்தபோது, மடைத்தலையில் நின்ற அதே பறவையை நினைவூட்டினார். வகுப்பறையில் இப்பாடல்களைப் பொருளுரைத்துக் கற்பிக்கின்றோம். பரீட்சையில் மாணவர் அப்பொருளை எழுதுகின்றனர். ஆனால் அசையாது நிற்கும் ஒரு கொக்கை ஒரு முழு நிமிடம் நோக்கிய மாணவர் எத்தனை பேர்? நோக்கிய பின்னரே அவ்வுவமையின் நுட்பம் விளங்கும். நிற்பது சோம்பலன்று என்பது அப்போதுதான் தெரியவரும்.

நீரிலே மிதக்கும் இலைகளின்மேல் நடந்து செல்லும் பறவையொன்றும் உண்டு. அதுவே இலைக்கோழி. அதன் கால்விரல்கள் உடலுக்குப் பொருந்தாத நீளமுடையவை. உடலின் பாரத்தை அவை பரந்த இடத்திற் பகிர்வதால் இலை அமிழ்வதில்லை. இனப்பெருக்க காலத்தில் நீண்ட வாலோடு அழகிற் சிறந்து விளங்கும் நீளவால் இலைக்கோழியின் இல்லறம் விந்தையானது. பெட்டை முட்டையிட்டுவிட்டு வேறு துணை தேடிச் சென்றுவிடும். அடைகாப்பதும் குஞ்சுகளைக் காத்து வளர்ப்பதும் சேவலின் கடமை. தந்தைமார் இதனைத் தம் பிள்ளைகளுக்கு விளக்கும்போது சிறிது தயங்கக்கூடும்!

நத்தைகொத்தி நாரையின் அலகு மூடியபோதும் நடுவே இடைவெளி விட்டு நிற்கும். குறைபாடுபோலத் தோன்றும் அந்த இடைவெளியே வழுக்கும் நத்தையைப் பற்றுவதற்கு அதற்கு உதவுகின்றது. நீல நிறத்து மேனியும் சிவந்த அலகும் கொண்ட பெரிய நீர்க்கோழி வகையொன்று கோரைத் தண்டை ஒரு காலாற் பிடித்து, நாம் கரும்பு கடிப்பதுபோலக் கடித்து உண்பதையும் காணலாம். மீன்கொத்தியின் நீலம் மின்னல்போல நீரைக் கீறிச் செல்லும்.

நீர்க்காகம் பட்டமரக் கிளையிற் சிறகை விரித்தபடி நெடுநேரம் நிற்பதுண்டு. ஒருநாள் பலகைப் பாதையிற் சென்ற சிறுமியொருத்தி அதனைக் கண்டு நின்றுவிட்டாள்.

“அப்பா, அது ஏன் செட்டையை விரிச்சுக்கொண்டே நிக்குது? நோகுதோ?”

“இல்லைப் பிள்ளை. தண்ணிக்குள்ளை முழுகி மீன் பிடிச்சது. செட்டை நனைஞ்சுபோச்சு. வெயிலிலை காயவிடுது.”

“தாரா நனையிறதில்லையே?”

தந்தை சிறிது யோசித்தார். “அது கேட்கவேண்டிய கேள்விதான். சத்தம் போடாமல் பாத்துக்கொண்டிரு, பிறகு சொல்லுறன்.”

அப்பெண் கேட்டது நல்ல கேள்வி. தாரா தன் உடலில் ஊறும் எண்ணெயை இறகெங்கும் பூசி நீர் புகாதபடி காக்கின்றது. அதனால் மிதப்பது அதற்கு எளிது. நீர்க்காகத்தின் சிறகோ நீரை ஏற்றுக்கொள்கின்றது. நனைந்த பாரம் ஆழத்தில் முழுகித் துரத்துவதற்குத் துணையாகின்றது. ஒன்றன் குறை மற்றொன்றன் வல்லமை. பாடநூலில் ஒரு பக்கத்தைக் கற்பதற்கும் மரக்கிளையில் அதனை நேரிற் காண்பதற்கும் உள்ள வேறுபாட்டை அச்சிறுமியின் முகத்திற் கண்டேன்.

தூது சென்ற பறவைகள்

இந்த நிலத்துக்கும் பறவைக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. 15ஆம் நூற்றாண்டில் கோட்டை இராசதானி ஆறாம் பராக்கிரமபாகுவின் ஆட்சியிற் சிறந்து விளங்கியது. சிங்கள இலக்கியத்தின் செழுமையான காலங்களில் அதுவும் ஒன்று. அக்காலத்துப் புலவர்கள் விரும்பிக் கையாண்ட பிரபந்தம் ‘சந்தேசம்’ எனப்படும் தூது. தொட்டகமுவே ஸ்ரீ ராகுல தேரர் பாடிய ‘செலலிகினி சந்தேசய’த்தில் ஒரு மைனா கோட்டையிலிருந்து களனிக்குத் தூது செல்கின்றது. அரசனின் மகளுக்கு ஆண்மகவு அருளுமாறு களனியில் எழுந்தருளியுள்ள விபீஷணரை வேண்டுவதே அது சுமந்து சென்ற செய்தி.

தமிழ் மக்களுக்கு இன்னும் நெருக்கமானது ‘கோகில சந்தேசய’. 1450ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றி அங்கிருந்து ஆண்ட சப்புமல் குமாரனையே நம்மவர் செண்பகப் பெருமாள் என அழைப்பர். அவனுக்குச் செய்தி கொண்டு, தென்கோடியிலுள்ள தெவிநுவரவிலிருந்து புறப்படுகின்றது ஒரு குயில். நாட்டின் தெற்கிலிருந்து வடக்குவரை ஊர்களையும் ஆறுகளையும் கடந்து அது யாழ்ப்பாணத்தை அடைகின்றது. படை சென்ற வழியிலே பாட்டும் சென்றது.

தூது விடும் மரபு தமிழுக்கும் புதிதன்று. வறுமையால் ஊர்விட்டு வந்து, பாண்டிநாட்டிற் குளிரில் நடுங்கிக் கிடந்த சத்திமுற்றப் புலவர் வானிற் பறந்த நாரையை அழைத்துத் தம் மனைவிக்குச் செய்தி சொல்லியனுப்பினார். அதன் அலகுக்குப் பனங்கிழங்கை உவமையாக்கியதால் யாழ்ப்பாணத்தாரின் நெஞ்சில் அவருக்குத் தனியிடம் உண்டு. அப்பாடலில் இயற்கை அறிவும் பொதிந்துள்ளது. தெற்கே குமரித்துறைவரை வந்த நாரை வடக்கே மீளும் என்பதைப் புலவர் அறிந்திருந்தார். வலசை போகும் பறவையின் வழியறிந்தே அவர் தூது விட்டார்.

அந்த வலசை இன்றும் நிகழ்கின்றது. ஒக்டோபர் அளவில் வடபுலத்துக் குளிருக்கு அஞ்சிப் புறப்படும் பறவைகள் நம் தீவை வந்தடைகின்றன. அவற்றுட் பல மன்னார், யாழ்ப்பாணக் கரைகளின் வழியே நுழைகின்றன. ஏப்பிரல் அளவில் மீண்டுவிடுகின்றன. அந்தி சந்தியிற் குரல் கொடுப்பதால் ‘ஆறுமணிக் குருவி’ எனப் பெயர் பெற்ற வண்ணப் பறவை இமயத்தின் அடிவாரத்திலும் இந்தியாவின் நடுப்பகுதியிலும் கூடு கட்டி, மாரியில் இங்கு வருவது. உள்ளானும் தகைவிலானும் இன்னும் நெடுந்தூரம் கடந்து வருபவை. கடவுச்சீட்டும் அனுமதிப் பத்திரமும் இன்றி அவை எல்லை கடப்பதைக் காணும்போது, பிள்ளைகளைக் கடல்கடந்த நாடுகளுக்கு அனுப்பிவிட்டு இருக்கும் பெற்றோர் சற்றே பெருமூச்சு விடுதல் இயல்பே.

நீரே அரண்

கோட்டையைத் தலைநகராகத் தேர்ந்தவர்கள் அதன் சதுப்பைக் கண்டு வெறுத்தவரல்லர், அதற்காகவே தேர்ந்தவர்கள். பெரும்பாலும் நீரும் சேறும் சூழ, தெற்கே மட்டும் நிலவழி அமைந்த அவ்விடத்தைப் பகைவர் எளிதில் அணுக முடியாது. வள்ளுவர் அரணின் உறுப்புகளை எண்ணும்போது நீரையும் சேர்த்தே எண்ணினார். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கொழும்பில் வந்திறங்கிய போர்த்துக்கேயரை, ஆறு மைல் அளவே தூரமுள்ள கோட்டைக்கு நேர்வழியில் அழைத்துச் செல்லாது, நாட்கணக்கிற் சுற்றி அழைத்துச் சென்றனர் என்பது மரபு. தலைநகர் வெகு தொலைவில் உள்ளதென அவர்களை எண்ணச் செய்யும் உபாயம் அது. வேண்டாத சுற்றுவழியிற் செல்வோரைக் கண்டு, ‘பறங்கி கோட்டைக்குப் போனது போல’ என்று சிங்கள மக்கள் இன்றும் கூறுவர். எனினும் 1565ஆம் ஆண்டிற் கோட்டை கைவிடப்பட்டது. அரசிருக்கை கொழும்புக்கு மாறியது. மாளிகை இருந்த இடத்தை மரம் மூடிற்று. சதுப்பு மட்டும் தன் தொழிலை நிறுத்தவில்லை.

நானூறு ஆண்டுகளுக்குப் பின்னர், 1982ஆம் ஆண்டில், கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் திட்டப்படி அமைந்த பாராளுமன்றம் தியவன்னாவின் நடுவே திறந்து வைக்கப்பட்டது. சேற்று நிலத்தைத் தோண்டி ஏரியாக்கி, அதன் நடுவே தீவுபோல விளங்கும் இடத்தில் அதனை எழுப்பினர். மீண்டும் ஆட்சிபீடம் நீரை அரணாகக் கொண்டது.

ஆனால் இடைக்காலத்தில் மக்கள் மனத்திற் சதுப்பின் மதிப்பு மாறிவிட்டிருந்தது. நெல் விளையாத, வீடு கட்ட முடியாத, நுளம்பு பெருகும் நிலம் எதற்கு? ‘சும்மா கிடக்கின்றது’ என்பதே பலரும் கூறிய தீர்ப்பு. 1968ஆம் ஆண்டிற் கொழும்பு மாவட்டத்தின் தாழ்நிலங்களை மீட்டு அபிவிருத்தி செய்வதற்கெனச் சட்டமே இயற்றப்பட்டது. ‘மீட்டல்’ என்ற சொல்லைச் சிறிது எண்ணிப் பாருங்கள். பறிகொடுத்ததை அன்றோ மீட்பது? நீரின் நிலத்தை நீரிடமிருந்து எடுப்பதற்கு நாம் இட்ட பெயர் அது. மண்ணைக் கொட்டி மேடாக்கினோம். சில இடங்களிற் குப்பையையும் கொட்டினோம்.

கொழும்பில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அது யாழ்ப்பாணத்திற் பெய்வதன் ஏறக்குறைய இருமடங்கு. அந்நீர் எங்கே போகும்? தாழ்ந்த சதுப்பு அதனைக் கடற்பஞ்சுபோல ஏற்று வைத்துக்கொண்டு, சிறுகச் சிறுகக் கால்வாய்களுக்கு விடுகின்றது. சதுப்பு மேடானால் நீர் வீட்டினுள் வருகின்றது. 2010ஆம் ஆண்டு நவம்பரில் ஓர் இரவு பெய்த பெருமழையில் நகரின் பல பகுதிகள் மூழ்கின; பாராளுமன்ற வளவிலும் வெள்ளம் புகுந்தது. சட்டமியற்றுவோரின் வாயிலுக்கே நீர் வந்து தன் முறைப்பாட்டைச் சமர்ப்பித்தது எனலாம். அதன்பின் நகரின் வெள்ளத்தைத் தடுக்க வகுத்த திட்டத்தின் பயன்களில் ஒன்றுதான் பெத்தகானப் பூங்கா.

மற்றொரு நாளை எண்ணும்போது நெஞ்சு கனக்கின்றது. 2017ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளன்று, கொலன்னாவைப் பகுதியிலுள்ள மீதொட்டமுல்லையிற் குப்பை மலை சரிந்தது. 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த மலை எழுந்த இடமும் ஒரு காலத்திற் சேறும் நீருமாகக் கிடந்த தாழ்நிலமே. ‘சும்மா கிடக்கும் நிலம்’ என்று நாம் கூறும் சொல்லுக்கு விலை கொடுத்தோர் ஏழை மக்கள்.

நல்ல செய்தியும் இல்லாமலில்லை. ஈரநிலங்களைக் காக்க 1971ஆம் ஆண்டில் ஈரான் நாட்டின் றாம்சார் நகரில் உருவான உடன்படிக்கையில் இலங்கையும் 1990ஆம் ஆண்டிற் சேர்ந்தது. அந்த உடன்படிக்கையின்கீழ் 2018ஆம் ஆண்டில் முதன்முதலாக ‘ஈரநில நகரம்’ என்ற தகைமை பெற்ற 18 நகரங்களிற் கொழும்பும் ஒன்று. பெருமை பெரிது, பொறுப்பும் பெரிது. ஏனெனிற் சதுப்புக்குப் பகை மண்லொறி மட்டுமன்று. சீதாப்பழ மரத்துக்கு உறவான அமெரிக்க மரமொன்று இச்சேற்றிற் காடாகப் பரவி, கோரையையும் திறந்த நீரையும் விழுங்கி வருகின்றது. 1939ஆம் ஆண்டில் தாவரவியல் கற்பிப்பதற்கென இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட சல்வீனியா, வகுப்பறையை விட்டு வெளியேறி நீர்நிலைகளை மூடிய கதையும் பலர் அறிந்ததே. ஆசிரியர்கள் மறக்கக்கூடாத கதை அது.

சும்மா இருத்தல்

இங்கே அமர்ந்து எண்ணும்போது, நம் சமய மரபில் ‘சும்மா’ என்ற சொல்லுக்கு இருந்த பெருமை நினைவுக்கு வருகின்றது. அருணகிரிநாதருக்கு முருகப்பெருமான் அருளிய உபதேசம் சும்மா இருத்தலே. தாயுமானவர் அந்நிலையை எய்த ஏங்கினார். யாழ்ப்பாணத்தில் யோகர் சுவாமிகள் தம்மை நாடி வந்தோர்க்கு அதனையே வலியுறுத்தினார். இச்சும்மா சோம்பலன்று. செய்கையின் ஆரவாரம் அடங்கிய விழிப்பு அது. ‘நான் செய்கின்றேன்’ என்னும் முனைப்பு நீங்கிய நிலை.

சதுப்பு நிலமும் அவ்வாறே சும்மா இருக்கின்றது. வெள்ளத்தை ஏற்கின்றது; அழுக்கை வடிகட்டுகின்றது; வெப்பத்தைத் தணிக்கின்றது; மீனுக்கும் தும்பிக்கும் பறவைக்கும், இரவில் நடமாடும் மீன்பிடிப் பூனைக்கும் இடமளிக்கின்றது. இவ்வளவையும் செய்துகொண்டு, ஒன்றும் செய்யாததுபோலக் கிடக்கின்றது. நகரில் மிகுதியாக உழைக்கும் நிலம் எதுவெனில், பயனற்றதென நாம் ஒதுக்கிய இந்நிலமே.

மனித வாழ்விலும் இத்தகைய நிலமொன்று வேண்டும். இன்று பிள்ளைகளின் நாட்கள் எவ்வாறு கழிகின்றன? பாடசாலை முடிந்தால் தனியார் வகுப்பு, அது முடிந்தால் மற்றொரு வகுப்பு, விடுமுறையிலும் வகுப்பு. சும்மா இருக்கும் ஒரு மணி நேரத்தைக் கண்டாற் பெற்றோர்க்குப் பதைப்பு. உடனே அதனையும் ‘மீட்டு’ மேடாக்கிவிடுகின்றோம். பின்னர் ஒருநாள் துன்பமோ தோல்வியோ பெருமழையாகப் பெய்யும்போது, அதனை ஏற்று வைத்துக்கொள்ள அம்மனத்தில் தாழ்ந்த இடம் ஒன்றும் இருப்பதில்லை. பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாட்களில் இதனைக் கண்கூடாகக் காண்கின்றோம். தெளிந்த மாணவனும் அன்று தத்தளிக்கின்றான்.

செல்வோர்க்குச் சில சொற்கள்

பறவைகளைக் காண விரும்புவோர் விடிந்ததும் செல்வது நன்று. வெயில் ஏறினால் அவை நிழலில் ஒடுங்கிவிடும். மாரிகாலத்தில் வந்தேறு பறவைகளையும் காணலாம். பளிச்சிடும் நிற ஆடைகளைத் தவிர்க்க. குடிநீரும் குடையும் கொண்டு செல்க. தின்பண்டப் பைகளைத் திருப்பி எடுத்து வருக. பலகைப் பாதையை விட்டு இறங்கலாகாது. நீரில் முதலையும் கபரக்கொய்யாவும் உண்டு. பிள்ளைகளிடம் ஒரு குறிப்புப் புத்தகத்தைக் கொடுத்து, கண்ட பறவையின் பெயர் தெரியாவிடினும் அதன் நிறத்தையும் அலகையும் நடையையும் எழுதச் சொல்லுங்கள். பெயரைப் பின்னர் தேடிக்கொள்ளலாம். வேண்டியவற்றைப் பார்த்து முடிந்தபின், தொலைபேசியை அணைத்துவிட்டுக் குடும்பமாக அரைமணி நேரம் பேசாது அமர்ந்திருங்கள். கடினமான பகுதி அதுவே. பயன் மிகுந்ததும் அதுவே.

கொழும்புக்கு வர இயலாதோர் வருந்த வேண்டியதில்லை. ஆறில்லாத யாழ்ப்பாணத்தில் ஊர்தோறும் குளமும் குட்டையும் அமைந்தது வீணுக்கன்று. மாரிமழையைத் தேக்கிச் சுண்ணக்கல்லின் ஊடாக நிலத்துள் இறக்கி, நம் கிணறுகளை நன்னீராக வைத்திருப்பவை அவையே. அவற்றின் கரையிலும் கொக்கு நிற்கின்றது, தாரா மிதக்கின்றது. அவற்றையும் ‘சும்மா கிடக்கின்றது’ எனக் கூறி வேலியை நகர்த்துவோரும் மண்ணைப் பரப்புவோரும் உளர். குளம் தூர்ந்த ஊரிற் கிணறு உவராவதற்கு நெடுங்காலம் செல்லாது.

எனவே உங்கள் ஊர்க் குளம் எங்கே இருக்கின்றது, இன்று அதன் கரை எதுவரை உள்ளது, அங்கு வரும் பறவைகள் எவை என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுங்கள். பெயர் தெரிந்த பறவையின் கூட்டைக் கலைக்க எந்தக் குழந்தையும் எளிதில் மனங்கொள்ளாது. அக்குழந்தை வளர்ந்து நிலத்தை அளக்கும் அதிகாரியாகவோ, வீடு கட்டும் குடும்பத் தலைவியாகவோ ஆகும்போது, நீருக்கும் ஓர் உறுதி உண்டு என்பதை நினைவிற் கொள்ளுமாயின், நாம் கற்பித்தது வீண்போகவில்லை எனலாம்.